எழுந்திருக்காத ஒரு காலை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நலமாக இருக்கிறேன், இந்த முறை நிஜமாகவே நலம்.

முதலில் உறையின் பின்பக்கத்தைப் பார். அனுப்புநர் முகவரி இருக்கிறதா? இரண்டாம் மாடி, கதவு எண் பதினொன்று. என் அறை அக்கா, என் அறை! சாவி சட்டைப்பையில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இனி நான் திட்டு வாங்கவேண்டிய விஷயம். பட்டாளத்திலிருந்து வந்தபின் காவலாளி வேலை, தங்க இடமும் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதினேனே, அது புளுகு. வேலை மூன்றே மாதம். அப்புறம் இரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில்தான் படுத்தேன். உன் வாசலில் வந்து நிற்க வெட்கமாக இருந்தது. திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கு அறை கொடுக்க இங்கே ஓர் அரசு உதவி மையம் இருக்கிறது. வெளியே படுத்திருப்பதை அவர்கள் நேரில் பார்த்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். அதற்காக மையத்துப் பெண் காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வருவாள். உன் தம்பியோ நாலரைக்கே எழுந்து, போர்வையை மடித்து, சவரம் செய்து, பூட்ஸ் துடைத்து விறைப்பாக நிற்கிறவன். மூன்று தடவை அவள் என்னிடமே வந்து, "சார், இங்க யாராவது படுத்திருந்தாங்களா?" என்று கேட்டாள். மூன்று தடவையும் "யாரும் இல்லம்மா" என்றேன். வறட்டுக் கௌரவம்!

நிலையத்தில் கழிப்பறை கழுவும் ஓர் அம்மாதான் என்னைப் பிடித்து உலுக்கினாள். "யோவ், அந்தப் பொண்ணு உன்ன மாதிரி ஆளத்தான் தேடுது. ஒருநாள் எழுந்திரிக்காம கெட!" என்றாள்.

கிடந்தேன். சண்டையில்கூட அவ்வளவு அவதிப்பட்டதில்லை. போர்வையை வேண்டுமென்றே கசக்கினேன், பொறுக்காமல் நேராக்கினேன், மறுபடி கசக்கினேன். அவள் தோளைத் தொட்டதும் படுத்தபடியே சல்யூட் அடித்துவிட்டேன். "ஐயோ சார், நீங்களா!" என்று சிரித்தாள். "எனக்கு வீடு இல்லம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அன்றே பெயர் ஏறியது. ஏழாவது வாரம் சாவி! இப்போது வாரம் இரண்டு நாள் நானும் அவளோடு போகிறேன். சவரம் செய்த முகத்தோடு ஓரமாக நிற்கிறவர்களை நான்தான் கண்டுபிடிக்கிறேன். இதுவரை நாலு பேர். ஒருவர் என் பக்கத்து அறைக்கே வந்துவிட்டார், பயங்கரமாகக் குறட்டை விடுகிறார்.

மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல். கோபம் ஆறியதும் இருவரும் கிளம்பி வாருங்கள். அழைப்பு மணி வேலை செய்யாது. கதவைத் தட்டு அக்கா; நான் உள்ளேயிருந்து திறக்கிறேன்.

உன் திட்டுக்கும் ஆசிக்கும் காத்திருக்கும்,
தம்பி