இறங்காத சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

பேக்கரியில் வேலை கிடைத்துவிட்டது! திங்கள் முதல், காலை ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் பேருந்து ஏது? பின்கட்டில் கிடக்கும் இவருடைய சைக்கிளைத்தான் தேற்ற வேண்டும். ஒரே துரு.

வேலை பார்த்த ஆலையை மூடியதிலிருந்து இவர் வாசற்படியைத் தாண்டுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

ஹேண்டில்பாரில் வினிகர் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, பிறகு தேய்தேயென்று தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, அப்படியே சாய்த்துவிட்டுச் சமைக்கப் போனேன். பெருமை தாங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

காலையில் பார்த்தால் மறுபடியும் துரு! அழுகையே வந்துவிட்டது. உள்ளேயிருந்து குரல்: “கழுவினா உடனே துடைச்சு எண்ணெய் போட வேணாமா? இதுகூடத் தெரியாதா?”

எத்தனை நாளாயிற்று இவர் இவ்வளவு பேசி! திட்டுதான். இருக்கட்டுமே.

மார்ச் 8, சனி

சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். “தள்ளு” என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாம் சரியாயிற்று, சீட்டைத் தவிர. அதன் கம்பி துருவேறி, குழாய்க்குள் இறுகிக்கிடக்கிறது. அதுவும் இவர் உயரத்துக்கு. நானோ கட்டை, பெடலுக்குக் கால் எட்டவில்லை. எண்ணெய் விட்டோம், தட்டினோம், திருகினோம். ம்ஹூம்.

மார்ச் 9, ஞாயிறு

அசையவில்லை. நாளைக்கு எப்படிப் போவேன்?

மார்ச் 10, திங்கள்

விடியுமுன் பார்த்தால், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்! “பின்னாடி உக்காரு. நேரமாச்சு.”

வழியெல்லாம், “என்ன கனம் கனக்குறே!” என்று ஒரே புலம்பல். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இப்போது தினமும் சவரம் செய்கிறார். மாவு பிசையும் மெஷினில் ஏதோ சத்தம் என்று பேக்கரிக்காரர் இவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். வீடு வரும்வரை அதே பேச்சுதான். பாதி எனக்குப் புரியவில்லை. கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் குளித்துக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல எண்ணெய் விட்டுத் திருகினேன். கிறீச்சென்று சீட்டு சுழன்றுவிட்டது! என் உயரத்துக்கு இறக்கி, ஏறிப் பார்த்தேன். கால் எட்டியது. இனி நானே போகலாம், நானே வரலாம்.

அப்போ இவர்?

சைக்கிளைவிட்டு இறங்கினேன். பிறகு கம்பியை உருவித் துடைத்து, கிரீஸ் தடவி, பழைய உயரத்திலேயே வைத்து போல்ட்டை இறுக்கினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “என்ன, இன்னைக்காவது அசைஞ்சுதா?”

“எங்க! நாளைக்கும் நீங்கதான் வரணும்.”