பொரி தின்ன மறுத்த வாரம்

செப். 15, 1987, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். முதல் வேலை கூண்டுக் காகிதம் மாற்றியது. புழுக்கை இன்றும் சரியில்லை. மிளகு போல உலர்ந்து உருண்டு விழ வேண்டியது, களி மாதிரி ஒட்டுகிறது.

பொரி வந்து பன்னிரண்டு நாள். அறிவியல் டீச்சர் கமலா மாற்றலாகிப் போகும்போது என்னிடம் விட்டுப்போன முயல் குட்டி. இரண்டு மாதம்கூட நிறையவில்லை. கூடவே பாதிப் பை குச்சித் தீவனம் (இனிமேல் கு.தீ.). கிண்ணத்தில் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் காலி. புல்லைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தின்கிறதே என்ற சந்தோஷத்தில் நானும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து அப்பா கடிதம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். சனியன்றே வந்துவிட வேண்டும். மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் வேலை. ‘கல்யாணத்துக்குப் பிறகு நீ வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டார்கள்.’

மூன்று முறை படித்தேன். அது யாருடைய பெரிய மனது என்று புரியவில்லை. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். எட்டுத் தாள்தான் முடிந்தது.

செப். 16, புதன்

வெயில். மதிய இடைவேளையில் பொரியைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் நாலு மாடு, எனக்கு இரண்டு நிமிடம்.

அவர் சொன்னது, மறப்பதற்குள்:
- வளரும் குட்டிக்குக் கு.தீ. வேண்டும்தான். ஆனால் அது மட்டுமே என்றால் குடல் வேலை செய்யாது.
- காய்ந்த புல் எப்போதும் கூண்டில் கிடக்க வேண்டும். நார்தான் குடலைத் தள்ளும். பல்லும் தேயும்.
- கு.தீ. காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒன்றரை வாரத்தில் அந்த அளவுக்கு வர வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

பள்ளிக்குத் திரும்பினால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. இட ஒதுக்கீடு கேட்டு நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். பள்ளி இருக்காது. த.ஆ. (தலைமை ஆசிரியை) என்னை இன்று மாலை பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பச் சொன்னார். முயலை யார் பார்ப்பது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் கிளம்பாததற்கு முயல்தான் காரணமா? எழுதி வைக்கிறேன்: தெரியாது.

செப். 17, வியாழன்

பஸ் சத்தமே இல்லாத கள்ளக்குறிச்சி. இத்தனை நாள் அந்த ஹாரனைத் திட்டிக்கொண்டிருந்தேன், இன்று அது இல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. மாடிக்கும் கீழுக்கும் எத்தனை தடவை நடந்தேனோ. பால் வரவில்லை. எல்லாப் பக்கமும் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம்.

கீழ்வீட்டு ராஜம்மாள் அக்கா ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக் கூண்டில் திணித்தேன். பொரி அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. தின்னவில்லை.

கு.தீ. பையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான். விழுப்புரத்திலிருந்து வந்தால்தான் உண்டு.

செப். 18, வெள்ளி

என் அவசர புத்தி. எப்படியும் தீரப்போகிறது, இன்றே பழகட்டும் என்று காலையிலிருந்து கு.தீ. போடவே இல்லை. பசித்தால் வைக்கோலைத் தின்னும் என்று கணக்குப் போட்டேன். டாக்டர் சொன்னது இரண்டு பக்கம் முன்னால் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மாலை. தின்னவில்லை. மனசு கேட்காமல் ஒரு பிடி கு.தீ. போட்டேன். அதையும் தொடவில்லை.

செப். 19, சனி

விடியும்போது பொரி மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. காகிதத்தில் ஒரு புழுக்கைகூட இல்லை. காது சில்லென்று.

டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல் நின்றுபோயிருக்கிறது என்றார். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். வயிற்றை மெதுவாகத் தடவ வேண்டும். “இன்னிக்குள்ள வாய்ல எதுனா போடணும். வைக்கோல் வேணாம், அதுல சத்து இல்ல. காஞ்ச புல்லு எங்கனா கெடைக்குதா பாருங்க” என்றார்.

கடைத்தெரு முழுக்க மூடிக் கிடந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கச்சிராயபாளையம் சாலையில் நடந்தேன். எதிரே கல்வராயன் மலை மேகத்தில் பாதி. ஊர் எல்லையில் புளியமரம் குறுக்கே கிடக்க, முப்பது நாற்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிவிடலாம் என்று நின்றேன். அதற்குள் தலைப்பாகை கட்டிய ஒருவர் எழுந்து வந்தார்.

“எங்கங்க போறீங்க? கூடையில இன்னா?”

துணியை விலக்கிக் காட்டினேன். முயல் குட்டி, உடம்பு சரியில்லை, காய்ந்த புல் தேடிப் போகிறேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எந்த ஊர், எந்த வீட்டுப் பெண் என்று கேட்டார். விழுப்புரம் என்றும், பெண்கள் பள்ளியில் டீச்சர் என்றும் சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

“எம் பொண்ணு வசந்தா உங்ககிட்டதான் படிச்சுது. வாங்க, வூடு பக்கத்துலதான்” என்றார்.

பெயர் கோவிந்தன். இரண்டு ஏக்கர், கரும்பு. மரத்தைத் தாண்ட எனக்காகக் கிளையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வழி நெடுக ஒன்றே ஒன்றுதான் சொன்னார். வசந்தா நல்ல மார்க் வாங்கியும் டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்.

வசந்தா. போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்சு, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். கன்றுக்குட்டிக்கு என்று கொழுக்கட்டைப் புல்லைக் காயவைத்திருந்தாள். கதிர் முற்றுவதற்கு முன் அறுத்து, நிழலில் காயப்போட வேண்டுமாம். கையில் எடுத்தால் இன்னும் பச்சை நிறம், வாசனை. “வைக்கோலு நெல்ல எடுத்துட்டு மிஞ்சன சக்கை டீச்சர். இதுல எலை, தண்டு, சத்து எல்லாம் அப்டியே இருக்கும்.” எனக்கு இது தெரியாது. எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து நான் வயிற்றைத் தடவ, அவள் ஒரு புல்தாளைப் பொரியின் உதட்டருகே ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு மூக்கு அசைந்தது. பிறகு ஒரு கடி. மெதுவாக, நூல் உள்ளே போவது போல, முழுத்தாளும் போய்விட்டது.

ஒரு சாக்கு நிறையப் புல். திரும்பும்போது கோவிந்தன் மறுபடி கிளையைப் பிடித்துக்கொண்டார்.

செப். 20, ஞாயிறு

காலை ஐந்து புழுக்கை. சின்னதாக, கோணலாக. எண்ணினேன், வெட்கமில்லை.

புல் எப்போதும் கூண்டில். கு.தீ. அரைப் பிடி மட்டும், புல்லைத் தின்ற பிறகு.

இன்று விழுப்புரத்தில் என்னைப் பெண் பார்த்திருக்க வேண்டிய நாள். அங்கேயும் யாரும் போயிருக்க முடியாது. நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து ஒரு பயம். தலைக்குக் குளித்தேன், மூன்று புடவையை மடித்து மடித்துப் பிரித்தேன், பீரோவைத் துடைத்தேன். விடைத்தாள் அப்படியே கிடக்கிறது.

செப். 21, திங்கள்

தூறல். வசந்தா நடந்து வந்தாள், தலையில் புல்லுக்கட்டு. புல்லைக் கீழே போட்டதும் அழுதாள். நேற்று காலை மறியலுக்குப் போன அவள் அப்பா வீடு திரும்பவில்லை. வடக்கே எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று பேச்சு. எத்தனை பேர், எந்த ஊர், ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. இங்கே சிலரை வேனில் ஏற்றிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அவளை வாசலோடு நிறுத்தியவர்கள் என்னை உட்காரச் சொன்னார்கள். அது எனக்கு உறுத்தியது. பிடித்துப் போனவர்கள் பட்டியலில் கோவிந்தன் பெயர் இருந்தது. அடிபடவில்லை, கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள், ஓரிரண்டு நாளில் விடுவார்கள் என்று தெரிந்தது.

திரும்பி வரும்போது வசந்தா கேட்டாள்: “நான் மறுபடி எழுதிப் போடலாமா டீச்சர், இல்ல இத்தோட வுட்டுடலாமா?”

எழுதிப் போடு, வருஷா வருஷம் போடு, நான் கூட இருந்து எழுதித் தருகிறேன் என்றேன். வாய் என்னுடையதுதான். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அடுத்த வருஷம் நான் இங்கே இருந்தால்தானே.

செப். 23, புதன்

கோவிந்தன் வீடு வந்துவிட்டார். ராஜம்மாள் அக்கா சொல்லித் தெரிந்தது.

பொரி: புல்லுக்கு முதல் ஓட்டம், கு.தீ.க்கு இரண்டாவது. புழுக்கை உருண்டை. இடது காதில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு திரிகிறது.

அப்பாவுக்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

செப். 24, வியாழன்

பஸ் ஓடுகிறது. முதல் பஸ்ஸிலேயே அப்பா. என்ன ஆனேனோ என்று ஒரு வாரம் தூங்கவில்லையாம், கண் உள்ளே போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிறு வருகிறார்கள், கிளம்பு என்றார்.

சோறு வடித்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன். “வரட்டும்ப்பா. ஆனா வேலையை விட மாட்டேன்னு மொதல்ல சொல்லிடுங்க. அதுக்கப்புறம் வர்றதா இருந்தா வரட்டும்.”

அப்பா எழுந்தார். ஜன்னல் ஓரம் போய் நின்றார். கஞ்சி வடிந்து முடிந்தது, குழம்பு கொதித்தது, நான் இரண்டு தடவை உப்புப் பார்த்தேன்.

“லெட்டர்ல எழுதற விஷயம் இல்ல இது” என்றார் கடைசியில். “மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன். நானே அவங்க வூட்ல போய்ச் சொல்லிட்டு வரேன்.”

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். உட்கார்ந்தார். முதல் வாய் வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.