கழுவி வைத்த தெரு

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே என் முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சுகம். உன் தம்பி சுகம், அவன் பெண்டாட்டி சுகம், குழந்தை மைனா மட்டும் பாதி சுகம், அதைத்தான் விவரமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் "அம்மா, சுருக்கமா சொல்லு" என்கிறாய், கடிதத்தில் யாரும் என்னைச் சுருக்க முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், நான் படித்தது அவ்வளவுதான். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய உன் தாத்தாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அது வேறு கதை.

தெருக்கோடியில் இருக்கிற குப்பைக் கிடங்கை நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு வந்தது. முன்பு மரக்கடை இருந்த இடம். ஊர்க் குப்பையெல்லாம் லாரியில் வந்து அங்கே இறங்கும், பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள், விலை போகிறது ஒரு பக்கம், போகாதது ஒரு பக்கம். அந்த விலை போகாத பக்கம்தான் மலை மாதிரி வளர்ந்துகொண்டே போகிறது. குவியல் மதில் சுவருக்கு மேலே தெரியக் கூடாது என்று நகராட்சி விதி வைத்திருக்கிறது, நல்ல விதிதான். ஆனால் கிடங்குக்காரன் என்ன செய்கிறான் என்றால், குவியல் சுவரைத் தாண்டினால் அதை அள்ளி வெளியே அனுப்பாமல், சாயங்காலம் வேலைக்காரப் பெண்கள் வீட்டுக்குப் போனதும் நெருப்பு வைத்துக் குள்ளமாக்கிவிடுகிறான். சுவருக்கு மேலே ஒன்றும் தெரியாது, விதி அப்படியே இருக்கும், புகை மட்டும் நம் வீட்டுக்கு வந்துவிடும். கிடங்குக்காரன் யார் என்று கேட்பாய். உன் அப்பா போன அன்று, வந்தவர்கள் உட்கார நாற்காலி கேட்டு ஆள் அனுப்பினதற்கு "திருப்பித் தரும்போது எண்ணித் தரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினானே, அவனேதான். நான் அத்தனை நாற்காலியையும் துடைத்து அனுப்பிவிட்டு அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். இப்போது தெருவில் அவனுக்குச் சென்ட்டுக்காரன் என்று பேர். அதிகாரி யாராவது வருகிறார் என்றால் குவியல் முழுக்க ரோஜா வாசனை மருந்தை அடித்துவிடுவான். குப்பை நாற்றமாவது பழகிப்போச்சு, அந்த ரோஜாவும் குப்பையும் சேர்ந்து வருகிற வாசனை இருக்கிறதே, அது மட்டும் பழகவே இல்லை.

மைனாவுக்கு இளைப்பு வந்தது அந்தப் புகையால்தான் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, இரண்டு வார்த்தை பேசிவிட்டு மூச்சு வாங்க நிற்கிறது, பார்க்க முடியவில்லை அம்மாடி. குழந்தையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, இங்கே காற்று சுத்தம் என்று நீ மருமகளிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னாய், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே உனக்குப் பதில் எழுதியிருப்பேன், கோபத்தில் எழுதக் கூடாது என்று விட்டேன். ஏற்கெனவே உன்னைத் தூரத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பிள்ளையும் போய்விட்டால் இந்த வீட்டில் யார் குரல் கேட்கும், உன் தம்பி சாப்பிட வாயைத் திறந்தால் உண்டு. அதனால் என்ன ஆனாலும் புகையை நிறுத்திக் குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவு கட்டினேன்.

கிடங்குக்கு உரிமம் புதுப்பிக்கிற நேரம் இது என்று தையற்காரர்தான் சேதி கொண்டுவந்தார். புதுப்பிக்கும் முன் தெருக்காரர்கள் ஆட்சேபம் சொல்லலாமாம், சொன்னால் அதிகாரி வந்து பார்த்தே ஆக வேண்டுமாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். வாத்தியார் வீட்டம்மா கூடப் போட்டாள், எப்போதும் நழுவுகிறவள். சுகாதார ஆய்வாளர் இன்ன நாளில் வருகிறார் என்று இரண்டு தரப்புக்கும் தகவல் வந்தது. இங்கேதான் நாங்கள் ஒரு கூத்துப் பண்ணினோம், சிரிக்காமல் படி. அதிகாரி நம் தெருவுக்கு வருகிறார், தெரு இப்படியா கிடக்கும், நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று முதலில் யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை, காலையிலிருந்தே தெரு முழுக்கத் துடைப்பமும் வாளியுமாகத்தான் இருந்தது. வாத்தியார் வீட்டம்மா சாக்கடை ஓரம் முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினாள். தையற்காரர் கரி படிந்த தன் கடைப் பலகைக்கு அன்றைக்கென்று பார்த்துப் புது பெயின்ட் அடித்தார். மருமகள் வாசலைக் கழுவினாள், நான் ஜன்னல் கம்பியில் படிந்திருந்த கரியை ஈரத்துணியால் துடைத்து, நல்ல கோப்பையை எடுத்து வைத்தேன். அந்தப் பக்கம் சென்ட்டுக்காரன் ரோஜா அடித்தான், இந்தப் பக்கம் நாங்கள் கழுவினோம். ஆய்வாளர் வந்தார், சின்னப் பையன், வியர்த்து வந்திருந்தான், டீ கொடுத்தேன், "தெருவை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க பாட்டி" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பாரேன். போய் அறிக்கையில் என்ன எழுதினான் தெரியுமா, புகை அடையாளம் இல்லை, துர்நாற்றம் இல்லை, சுற்றுப்புறம் தூய்மை என்று எழுதிவிட்டான்.

அந்த அறிக்கையை வைத்துத்தான் நகராட்சிக் கூடத்தில் விசாரணை. மாடிப்படி ஏற முழங்கால் கெஞ்சியது, உன் தம்பி கையைப் பிடித்து ஏற்றினான். குமாஸ்தா அறிக்கையைப் படிக்கப் படிக்க தெருக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம். நகராட்சித் தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "புகையே இல்லைன்னு அறிக்கை இருக்கு, நீங்க எதை வச்சு ஆட்சேபம் சொல்றீங்க" என்று கேட்டாள். தையற்காரர் எழுந்து, வரும் வழியில் பேசி வைத்ததையெல்லாம் மறந்து நின்றார். அதற்குள் கிடங்கில் பிரிக்கிற பெண் ஒருத்தி எழுந்து, "மூடணும் மூடணும்னு வந்திருக்கீங்களே, நீங்க கட்டிக் கொடுக்குற குப்பையைப் பிரிச்ச கூலியிலதான் என் பிள்ளைங்க சாப்பிடுது. நாளைக்கு உங்க குப்பையை எங்கே கொட்டுவீங்க, உங்க வீட்டு அலமாரியிலயா" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நான் மூடச் சொல்லித்தான் போயிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் எழுந்தேன். மைக்கை வாய்க்கு நேராக வைக்கத் தெரியவில்லை, குமாஸ்தா வந்து வைத்தான். "அம்மா, அந்த அறிக்கையில இருக்குற தூய்மை நாங்க பண்ணினது. வர்றவர் தப்பா நினைக்கக் கூடாதுன்னு அன்னைக்குக் காலையில தெருவையே கழுவி வச்சோம். ஜன்னல் கரியை நான்தான் துடைச்சேன். எங்க வெட்கத்தை மறைக்கப் போய் அவன் புகையையும் சேர்த்து மறைச்சுட்டோம்" என்று சொன்னேன். கூடமே சிரித்தது. வாத்தியார் வீட்டம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு தெருவே தன் அழுக்கை மைக்கில் சொல்லிக்கொண்டது எங்கேயாவது உண்டா, என் காது இரண்டும் சூடாகிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தப் பிரிக்கிற பெண்ணைப் பார்த்து, "மூடச் சொல்லல தாயி, கொளுத்தாதேன்னு சொல்றேன். நீ வீட்டுக்குப் போனப்புறம் அங்கே நெருப்பு வைக்கிறது உனக்கும் தெரியும்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், இல்லை என்று சொல்லவில்லை. சென்ட்டுக்காரன் எழுந்து, "இந்தம்மா என் மேல இருக்குற பழைய கோவத்துல பேசுறாங்க" என்றான். "கோவம் பழசுதான், புகை புதுசு. நாற்காலிக் கணக்கை நாம வேற நாள் பேசிக்கலாம், இன்னைக்கு என் பேத்தி மூச்சைப் பத்திப் பேசு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் பேசியது அதுதான்.

தலைவரம்மா நல்லவள். ஆய்வாளரைக் கூப்பிட்டு, இனிமேல் யாருக்கும் தகவல் சொல்லாமல் போய்ப் பார், வேலை நேரம் முடிந்த பிறகும் போய்ப் பார், பார்த்தபின் முடிவு செய்யலாம் என்று தள்ளி வைத்தாள். அன்றிலிருந்து தெருவுக்கு நான்தான் போலீஸ். யாரும் கரியைத் துடைக்கக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தேன். வாத்தியார் வீட்டம்மாவுக்குக் கை நிற்கவில்லை, மதியத்தில் யாரும் பார்க்கவில்லை என்று ஜன்னலைத் துடைத்தாள், நான் பார்த்துவிட்டேன். "உனக்குச் சுத்தம் முக்கியமா, பிள்ளை முக்கியமா" என்று கேட்டதற்கு "கை தானா போகுதுக்கா" என்று அழாத குறையாகச் சொன்னாள், பாவமாகப் போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் அந்த ஆய்வாளர்ப் பையன் தனியாக வண்டியில் வந்து இறங்கினான். சென்ட்டுக்காரன் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போயிருந்தான், ரோஜாவும் இல்லை, அவன் ஆட்கள் வழக்கம்போல நெருப்பு வைத்திருந்தார்கள். பையன் நம் மொட்டை மாடிக்கு ஏறி நின்று போட்டோ எடுத்தான், கண்ணெல்லாம் தண்ணீர், இருமிக்கொண்டே இறங்கி வந்தான். கீழே மைனா ஆவி பிடிக்கிற கருவியை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தவன், "பாட்டி, கொஞ்சம் தண்ணி" என்றான், கொடுத்தேன். அன்றைக்கு டீ கொடுக்கவில்லை.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. முழு உரிமம் கிடையாது, கொஞ்ச காலத்துக்குத் தற்காலிக உரிமம்தான். இனி ஒரு தடவை நெருப்பு வைத்தாலும் கதவுக்குப் பூட்டு. வருகிற லாரி எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வர வேண்டும். நாமும் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டுமாம், எனக்கும் இரண்டு வாளி வந்திருக்கிறது, எதில் எதைப் போடுவது என்று மருமகள் தினம் எனக்குப் பாடம் நடத்துகிறாள். பிரிக்கிற பெண்களுக்கு வேலை போகவில்லை, மக்குகிறது தனியாக வந்தால் எங்களுக்கும் கை நாறாது என்று அந்தப் பெண்ணே வழியில் பார்த்துச் சொன்னாள். தெருவில் எல்லாரும் ஜெயித்தோம் என்று சந்தோஷப்பட்டார்கள், நானும் பட்டேன். உத்தரவின் கடைசியில் இருந்ததை உன் தம்பி படித்துச் சொல்கிற வரைக்கும்தான் அது. இத்தனை வருஷம் எரித்தும் எரியாமலும் அடியில் கிடக்கிற பழைய குவியலை முழுவதும் தோண்டி எடுத்து, மூடிய லாரியில் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது. நாங்கள் கேட்டது அதைத்தான், சரியான உத்தரவுதான். ஆனால் தோண்டினால் தூசி கிளம்பும், மழைக்காலம் போகிற வரைக்கும் வேலை நடக்கும் என்கிறார்கள். தண்ணீர் தெளித்துத்தான் தோண்டுவார்களாம், தெளித்தாலும் சாம்பல் சாம்பல்தானே. டாக்டரம்மாவிடம் ஓடிப் போய்க் கேட்டேன். "புகையை விட இது மோசம்மா, அந்த வேலை முடியுற வரைக்கும் குழந்தை இங்கே இருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டாள். குழந்தையை வைத்துக்கொள்ளத்தான் இந்தச் சண்டை எல்லாம் போட்டேன். ஜெயித்ததனாலேயே அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

ராத்திரி முழுக்க யோசிக்கவெல்லாம் இல்லை, டாக்டர் வீட்டு வாசற்படி இறங்கும்போதே தீர்ந்துவிட்டது. மைனாவும் அவள் அம்மாவும் உன்னிடம் வருகிறார்கள். பயணத்துக்கு வேண்டியதை உன் தம்பி பார்த்துக்கொள்வான். மருமகள் என்னைத் தனியாக விடக் கூடாது என்று தயங்குகிறாள், நான்தான் அதட்டினேன். நீ அழைத்தது சரிதான், என்னைக் கேட்காமல் அழைத்தது சரியில்லை, இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

குழந்தை விஷயம் சொல்கிறேன், கவனமாகக் கேள். தூங்கும்போது யாராவது அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழித்துக்கொள்ளும். இளைப்பு வந்தால் உன்னிடம் சொல்லாது, எனக்கு ஒன்றுமில்லை அத்தை என்று சிரிக்கும், நம்பாதே, முதுகில் காதை வைத்துக் கேள். பால் குடிக்கக் கதை சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் திருத்தும், கோபப்படாதே, நீயும் அப்படித்தான் இருந்தாய். என் ஞாபகம் வந்து அழுதால் உடனே போன் போட்டு என்னிடம் கொடுக்காதே, கொஞ்சம் ஆறவிட்டுக் கொடு, அது அழுவதைக் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன், அந்த அளவுக்குத்தான் என் பலம். தினம் சாயங்காலம் மாடியில் ஏறி நின்று பார்க்கத்தான் போகிறேன். சென்ட்டுக்காரன் என்னைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறான், நல்லது. குவியல் முழுவதும் போய், தூசி அடங்கி, டாக்டரம்மா சரி என்று சொன்ன அன்றுதான் உனக்குச் சொல்வேன். அதற்கு முன்னால் எனக்கு ஆசை மீறி எப்போதாவது போனில் அனுப்பி வை என்று கேட்டாலும் கேட்பேன். கேட்டால் அனுப்பாதே. அம்மா சொன்னாள் என்று நீ எதையும் கேட்டதில்லை, இதிலும் கேட்காமல் இரு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மைனாவின் மருந்துச் சீட்டு மருமகளின் கைப்பையில் இருக்கிறது, வந்து இறங்கியதும் வாங்கி வைத்துக்கொள்.

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிற
உன் அம்மா