சவுக்குக் கம்பு வேலி

ஜனவரி 8, 2025

புயலில் விழுந்த ஓலை வேலி இன்னும் அப்படியே கிடக்கிறது. எங்கள் கொல்லை எங்கே முடிகிறது, இவருடைய அண்ணன், மூத்தார் கங்காதரன் வீட்டுக் கொல்லை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே மணல். அதுவும் நல்லதுக்குத்தான் — தோட்டத்தைப் புதிதாகவே போட்டுவிடலாம். மேற்கே முருங்கை. அடுப்படி ஓரம் வாழை. மேடு கட்டிக் கத்திரி, வெண்டை. உவர் மண்ணில் ஒன்றும் வராது என்கிறார் இவர். படகும் வலையும் தெரிந்தவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? நான் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள்.

ஜனவரி 18

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய் இன்று திரும்பினேன். ஏரி வண்டல் இரண்டு மூட்டை கொண்டுவந்தேன். வந்து பார்த்தால் புது வேலி! சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலை கட்டி. மூத்தார் தனியாளாகப் போட்டாராம்.

நான் இல்லாதபோது ஏன்?

ஜனவரி 19

இவரிடம் கேட்டேன். "அண்ணன் போட்டுச்சு. இன்னா இப்போ?" என்றார். எல்லைக்கல் எங்கே என்றேன். மணலில் புதைந்திருக்குமாம். எவ்வளவு வசதி!

ஜனவரி 26

எதிர்வீட்டுக் கஸ்தூரியம்மாளும் கேட்கிறாள்: "நீ ஊர்ல இல்லாத நேரமா பாத்து போட்டாரே, இன்னான்னு கேட்டியா?"

அப்போ எனக்கு மட்டும் தோன்றவில்லை. வேறு சாதிக்காரி என்று கல்யாணமான புதிதில் என் முகம் பார்த்துப் பேசாத மனுஷன். அவர் எனக்கு வேலி கட்டித் தருவாரா?

பிப்ரவரி 3

மூத்தார் பெண்சாதி, என் ஓரகத்தி மணியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "தெய்வா, கெணறு எடுக்கறதுன்னா வேலியோரம் அந்த மூலைல எடு. நல்ல தண்ணி வரும்" என்றாள்.

ஏன் அந்த மூலை? ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்?

பிப்ரவரி 9

அங்கேயே கிணறு தோண்டி உறை இறக்கினோம். தண்ணீர் தித்திக்கிறது. பக்கத்திலேயே கத்திரி நட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நல்லதைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறார்களா?

பிப்ரவரி 17

பொன்னேரி தாலுகா ஆபீஸ் போய், நிலத்தை அளக்க மனு கொடுத்தேன். இவருக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 28

இவருக்குத் தெரிந்துவிட்டது. "நானும் அண்ணனும் ஒரே படகுல போறோம். நீ சர்வேயர கூட்டியாந்து அளப்பியா?" — சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார்.

போகட்டும். தப்பு இல்லேன்னா எதுக்குக் கோவம்? என் எடத்த நான் கேக்கக் கூடாதா?

மார்ச் 11

அளந்தார்கள்.

மணலைத் தோண்டச் சொல்லிக் கல்லைக் கண்டுபிடித்தார் சர்வேயர். கல் வேலிக்கு அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம் — கிணற்றுக்கும் என் கத்திரிப் பாத்திக்கும் இப்பால், வீட்டை ஒட்டி. வேலி நிற்பது மூத்தார் இடத்தில். கிணறும் அவர் இடம்தான்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டார். மணியக்காதான் சொன்னாள்: "உன் பக்கம் எங்க தோண்டினாலும் உப்பு. நீ செடி வெக்க ஆசப்படறேன்னு வேலிய எங்க பக்கம் தள்ளிப் போட்டாரு. சொன்னா வாங்க மாட்டா, ரோஷக்காரின்னு என்னியும் பேச வேணாம்னுட்டாரு. நீ இன்னாடான்னா..." முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஐயோ, நான் இன்னா காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 12

மூத்தாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதான் அளந்தாச்சே. கல்லு எங்க கீதோ அங்கயே வேலி இருக்கட்டும்" என்றார். தைத்துக்கொண்டிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 15

மூத்தாரே வேலியைப் பிடுங்கிக் கல் இருக்கும் இடத்திலேயே நட்டார். கம்புகளைத் தூக்கிவரும்போது என் கத்திரியை மிதிக்காமல் சுற்றி நடந்தார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

மார்ச் 16

இவரும் அண்ணனும் ஒரே படகில்தான் போனார்கள். பேச்சில்லையாம்.

மார்ச் 24

கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. முருங்கைக்கு அடிபம்பின் உப்புத் தண்ணீர்தான். இலை கருகுகிறது. தோட்டத்தை முதலிலிருந்து யோசிக்க வேண்டும். முதலில் எதை?

ஏப்ரல் 2

குடத்தோடு தெருவைச் சுற்றி அவர்கள் வாசலுக்குப் போனேன். "அக்கா, ஒரு கொடம் தண்ணி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மணியக்கா குடத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கம் கிணற்றுக்குப் போனாள். நிரப்பி வந்து கீழே வைத்தாள். நான் குனிவதற்குள் அவளே தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.