ஒன்பதாம் இரவின் பரீட்சை

ஏப்ரல் 20, திங்கள்

மழை விட்டு வெயில் வந்ததும் ஸ்ட்ராபெரி ஒரேயடியாகப் பழுத்துவிட்டது. பறிக்கிற கை போதவில்லை. குனிந்த இடுப்பு வீட்டுக்கு வந்தும் நிமிரவில்லை. பழத்துக்கு என்ன தெரியும், யார் வீட்டில் சாவு என்று.

என் புருஷன் ஃபிதென்சியோ நின்ற வரிசையில் இப்போது பிரிஸ்கா நிற்கிறாள். என் மகள் செனைதாவுக்கு ஞானத்தாய். வாய் ஓயாது. “உன் புருஷன் வேகம் எனக்கு வராதுடி. ஆனா அந்த மனுஷன் வருஷத்துக்குப் பேசுனதை நான் மத்தியானத்துக்குள்ள பேசிடுவேன்” என்றாள். சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பிறகு ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

செனைதாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது. இங்கே ஊர்க் கல்லூரியில் இரண்டு வருஷம் முடித்துவிட்டு, நேரே அங்கே மூன்றாம் வருஷத்தில் போய்ச் சேர வேண்டுமாம். அந்தப் படிப்புக்கு அடிதடி. இங்கிருந்து யாரையும் லேசில் எடுக்க மாட்டார்களாம்.

அரிசி தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள். கோழி வாங்கி வரட்டுமா என்றேன். “வேண்டாம்மா” என்று போய்ப் படுத்துக்கொண்டாள். இடம் கிடைத்தவள் முகமா இது?

ஏப்ரல் 26, ஞாயிறு

துணி துவைக்கிற கடையில் மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது செனைதாவிடம் கேட்டேன். அங்கே எழுந்து போக முடியாதே.

“சேர்த்துக்கிட்டாங்கம்மா. ஆனா இந்தப் பருவத்துல எல்லாப் பாடமும் நல்லபடியா பாஸாகணும். ஒண்ணு போனாலும் இடத்தைத் திருப்பி எடுத்துக்குவாங்க.”

“எது போகும்?”

“பிசிக்ஸ். நடுப் பரீட்சை எழுதலை. சைபர்.”

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது. மார்ச்சில் அவரை அடக்கம் பண்ணிய பிறகு வீட்டில் ஒன்பது இரவு ஜெபமாலை சொன்னோம். சவப்பெட்டி இருந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடியில் சிலுவை போட்டிருந்தோம். ஒன்பதாம் இரவு அந்தப் பொடியை வாரி எடுத்து அவரை வழியனுப்ப வேண்டும். சிலுவையின் கால் பக்கம் எடுக்கிற முறை மகளுடையது. அவளோ மாலை வகுப்புக்காரி. அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். என் நாத்தனார் ஒஃபேலியா, “பெத்த அப்பனை அனுப்பி வைக்க ஆள் இல்லாம பரீட்சையா? அது நாளைக்கும் இருக்கும்” என்றாள். செனைதா பையைக் கழற்றி வைத்தாள்.

மறுநாள் அது இல்லை.

“வாத்தியாரம்மாகிட்ட சொன்னியா?”

“என்னன்னு சொல்ல? அப்பா செத்துட்டாரு, மார்க் போடுங்கன்னா?”

அவள் அப்பா குரல் அப்படியே. துணியை மடித்தோம்.

மே 2, சனி

ஒன்றும் இல்லை. களைப்பு.

மே 5, செவ்வாய்

பிரிஸ்காவிடம் சொன்னேன். பழப் பெட்டியைப் பொத்தென்று வைத்தாள். “உங்க வீட்டாளுங்களுக்கு வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? அவரும் இப்படித்தான இருந்தாரு?”

இப்படித்தான் இருந்தார். செத்த அன்னிக்குக் காலையிலயே நெஞ்சைத் தடவிக்கிட்டுத்தான் இருந்தாரு. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் போய் உக்காருன்னு சொன்னேன். வரிசையை முடிச்சிடறேன், அவன்கிட்ட எதுக்குக் கெஞ்சணும்னாரு. முடிச்சாரு. பெட்டியைக் கொண்டுபோய் ஏத்துனாரு. அதுக்கப்புறம்தான் விழுந்தாரு. யாருக்கு வேணும் அந்த வரிசை? யாருக்கு?

செனைதாவும் அதே மாதிரி வரிசையை முடிக்கப் பார்க்கிறாள்.

மே 7, வியாழன்

வேலை விட்டதும் வயல் உடுப்போடேயே அவளுடன் கல்லூரிக்குப் போனேன். வரமாட்டேன் என்றவள், நான் தனியாகப் போய்விடுவேன் என்று பயந்து வந்தாள். எனக்கு இந்த நாட்டு பாஷை வராது, போய் என்ன செய்திருப்பேனோ.

வாத்தியாரம்மா வெள்ளைக்காரி, என் வயசு இருக்கும். செனைதா தரையைப் பார்த்தபடி பேசினாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றாங்க?”

“மார்ச்சுலயே ஏன் வரலைன்னு கேக்குறாங்க.”

“நீயே பதில் சொல்லு.”

வாத்தியாரம்மா சொன்னதை எனக்கு எடுத்துச் சொன்னாள். மறுபரீட்சைக்கான காலம் தாண்டிவிட்டதாம். ஒன்று செய்யலாம்: கடைசிப் பரீட்சையில் வாங்குகிற மார்க்கையே நடுப் பரீட்சைக்கும் வைத்துக்கொள்வாளாம். அதைச் சரியாக எழுதாவிட்டால் இரண்டும் போகும்.

காரில் ஏறியதும் கத்தினாள். “இப்பத் திருப்தியா? அழுது வாங்குன மாதிரி ஆகிப்போச்சு. எல்லாம் ஒரே நாள்ல வந்து நிக்குது.”

“முன்னாடி அந்த ஒரு நாளும் இல்லையே” என்றேன்.

மே 17, ஞாயிறு

கல்லறைக்குப் போக ஒஃபேலியா வண்டியோடு வந்து நின்றாள். செனைதா சமையலறை மேஜையில் புத்தகத்தோடு இருந்தாள். எழுந்திருக்கப் போனாள். தோளில் கை வைத்து உட்கார வைத்தேன்.

“அவ வரலை அண்ணி.”

“அப்பனுக்கு ஒரு பூ வைக்க நேரமில்லையாமா அந்த ராணிக்கு?”

“இல்லை. புதன்கிழமை பரீட்சை.”

“நல்லா வளர்த்தடி.”

வழியெல்லாம் ஒஃபேலியா என் பக்கம் திரும்பாமலே ஓட்டினாள். நான் கல்லறையில் மகள் பங்குப் பூவையும் சேர்த்து வைத்தேன். செய்தது சரியா? அவரைக் கேட்டால் தோளைக் குலுக்குவார். உயிரோடு இருந்தபோதும் அதுதான் பதில்.

மே 20, புதன்

எழுதிவிட்டு வந்தாள். செருப்போடு படுத்துத் தூங்கிவிட்டாள். நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினேன்.

மே 29, வெள்ளி

பிசிக்ஸில் ‘பி’ கிரேடு வாங்கியிருக்கிறாள்.

“அது போதுமா?”

“போதும்மா.”

பீன்ஸ் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியாலேயே சாப்பிட்டாள். மார்ச்சுக்குப் பிறகு இப்படிச் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. சட்டியை வழித்துவிட்டுச் சொன்னாள், “நான் போறதை அத்தைகிட்ட நீயே சொல்லிடு. எனக்குப் பயமா இருக்கு.”

சொன்னேன். ஒஃபேலியா போனில், “குளிர் ஊராச்சே, கம்பளிச் சட்டை இருக்கா அவளுக்கு?” என்றாள்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

பிரிஸ்காவின் வேனில் போய் அவளை விட்டுவிட்டு வந்தோம். அறையில் கட்டில், மேஜை, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மரம்தான், வயல் இல்லை.

வந்ததும் வீட்டைப் பெருக்கினேன். அவள் போர்வை கட்டிலில் சுருண்டு கிடந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் தலைமுடி வாசம்.

அலமாரிக்குள் ஃபிதென்சியோவின் சட்டை ஒன்று கிடக்கிறது. அதைத் தண்ணீரில் போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

போர்வை வேறு. நவம்பர் விடுமுறைக்கு வரும்போது அவளுக்கு வேண்டும்.

துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.