உன் மகனைக் கேட்காமல் சேர்த்த இடம்

என் கண்ணே பாக்கியம்,

அன்றைக்கு அந்தக் காரில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டியது உன் அண்ணன் செல்வம். அவன் பக்கத்தில் அவன் பெண்டாட்டி வசந்தி. பின்னால் நானும் உன் மகன் தினேஷும். எங்கே போகிறோம் என்று மூன்று பேருக்குத் தெரியும், தினேஷுக்கு மட்டும் தெரியாது. பாட்டிக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நம்பி, என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தான்.

எனக்கு வலியே இல்லை பாக்கியம். நடித்தேன்.

நீ போன பிறகு அவன் போர்ட் கிள்ளான் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். தூக்கம் வராமலிருக்க யாரோ ஒருவன் போதையைப் பழக்கிவிட்டான். வேலை போனது, போதை போகவில்லை. யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்தான். ஒருநாள் உன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "அம்மா என்னையே பாக்குறாங்க பாட்டி" என்று அழுதான். இருபத்து மூன்று வயசுப் பிள்ளை. அவன் அப்பனைப் பற்றி எழுதி என் பேனா மையை வீணாக்கப் போவதில்லை.

எங்காவது தங்க வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றான் செல்வம். போதையை விட வைக்கிற இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். "நீங்கதான்மா அவனை வெச்சிருக்கீங்க, நீங்க சொல்ற இடந்தான்" என்று முடிவை என் தலையில் கட்டினான்.

சுங்கை பூலோ பக்கத்து இல்லத்தில் கேட் திறந்தே கிடந்தது. பையன்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "டேய், நீ உரிக்கிற லட்சணத்துக்கு வெங்காயம்தான்டா அழணும்!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். பொறுப்பிலிருந்த அம்மா கறாராகப் பேசினார். "உங்க பேரன் தானா வந்து, 'நான் இருக்கேன்'னு சொல்லணும் ஆன்டி. நீங்க சொன்னா நான் எடுக்க மாட்டேன்."

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவன் எப்படித் தானாக வருவான்? திறந்த கேட் வழியாக மறுநாளே ஓடிவிட மாட்டானா?

மேருவைத் தாண்டி இருந்த இல்லத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே சுவர். கேட்டில் பூட்டு, உள்ளே இன்னொரு கேட், அதற்கும் பூட்டு. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒருவர் வந்தார். "கவலையே படாதீங்க ஆன்டி, இங்கேருந்து ஒரு ஈ கூட வெளிய போகாது லா." என்ன மருந்து, யார் டாக்டர் என்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. பூட்டைப் பார்த்தேன், நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் வசந்தி மெல்லச் சொன்னாள். "அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே அத்தை."

"ஒண்ணு பெத்துட்டு வந்து எனக்குப் புத்தி சொல்லு" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷமாக அவளுக்குப் பிள்ளை இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். செல்வம் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்ததும், அறையை விட்டே வராதவன் ஓடி வந்தான். குனிந்து என் காலில் செருப்பை மாட்டிவிட்டான். கார் மேரு சாலையில் திரும்பியபோது, "மாமா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் லா! பாட்டிக்கு வலிக்குது, எங்க போறீங்க?" என்று கத்தினான். செல்வம் வேகத்தைக் கூட்டினான். பூட்டுத் திறந்தது. இரண்டு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "வலி போயிடுச்சா பாட்டி?" என்றான்.

குத்திக் காட்டினானா, நிஜமாகவே கேட்டானா? நீ பெற்ற பிள்ளைதானே, நீயாவது சொல்லேன்.

அன்று இரவு நான் விடியும்வரை தூங்கினேன். நீ கண்ணை மூடியதிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. அவனுக்கு வைத்தியம் வேண்டியிருந்தது, எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. எதற்காக அந்த இடத்தைப் பிடித்தேன் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? கோயிலில் கேட்பவர்களிடம் அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை என்கிறேன்.

ஒரு மாதம் பார்க்கவே விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் விட்டார்கள். மொட்டை அடித்திருந்தார்கள். உடம்பு தேறியிருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் குடிக்கக்கூடச் சாவிக்காரரின் முகத்தைப் பார்க்கிறான்.

"ஏமாத்திட்டேன்னு கோவமாடா?" என்றேன்.

"கேட்டிருந்தா நானே வந்திருப்பேன் பாட்டி. எனக்கும் போதும் போதும்னுதான் இருந்துச்சு. இப்போ தினம் அந்தச் சுவரைத்தான் பாக்குறேன், எப்படித் தாண்டுறதுன்னு."

வசந்தி பக்கத்தில்தான் நின்றாள். பார்த்தீர்களா என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அவனுக்கு ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சுங்கை பூலோ அம்மாவுக்குப் போன் செய்தேன். இடம் இருக்கிறது, பையன் தன் வாயால் சொல்லட்டும் என்றார். இன்னும் அதே கறார்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை அந்த இரண்டு கேட்டுக்கும் வெளியே கூட்டிவந்து நிறுத்தி, நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்கப் போகிறேன். அவன் ரோட்டைப் பார்த்து ஓடினால்? ஓடினாலும் பரவாயில்லை என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனாலும் கேட்பேன். இனிமேல் அவனைக் கேட்காமல் அவனுக்கு எதையும் முடிவு செய்ய மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

போதையைப் பழக்கியவனையும் அன்று காரில் வாய் திறக்காத உன் அண்ணனையும் என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ. தினேஷ் நல்லபடியாகத் திரும்பினால் என்னைக்கூட மன்னித்துக்கொள்வேன். ஆனால் பிள்ளை இல்லாததை நான் அப்படிக் குத்திச் சொன்ன பிறகும் திருப்பி ஒரு வார்த்தை பேசாமல், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டாமல், எனக்குக் கறி சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாளே ஒருத்தி, அன்றைக்குச் சரியாகச் சொன்ன ஒரே ஆள், அவளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். வசந்தியை.

உன்னைப் பெற்றவள்,
தினேஷுக்குப் பாட்டி,
முனியம்மா
கிள்ளான்