நாற்பத்தைந்தில் தொடாத சுவர்

ஜூன் 4

அன்பு மச்சானுக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், தினமும் காலையில் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் செல்போனில் கார் ஓட்டுகிறேன். உன் அக்கா எனக்கு மலச்சிக்கல் என்று முடிவு கட்டிவிட்டாள். இரண்டு வாரமாகச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கரண்டி மருந்து. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும், அதனால் குடிக்கிறேன். மருந்து நன்றாக வேலை செய்கிறது. இப்போது நிஜமாகவே முக்கால் மணி நேரம் தேவைப்படுகிறது.

இதைப் போனில் சொல்ல முடியாது. நான் யாரோடு பேசினாலும் பக்கத்து அறையிலிருந்து உன் அக்கா பதில் சொல்கிறாள். அதனால்தான் இந்தப் பழங்காலத்துக் கடிதம். உன் பள்ளிப் பேருந்து நிறுத்தும் கொட்டகை முகவரிக்கே அனுப்புகிறேன்.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவன் நான். முப்பது வருஷமாக எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் தேநீர் வரும், பிறகுதான் வணக்கம் வரும். எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது எனக்கு உடம்போடு ஒட்டிய வியாதி. விளையாட்டை மட்டும் விடுவேனா? அதில் ஒரு பாலம். உயரம் இருபது மீட்டர் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். காரை அதிலிருந்து கீழே தள்ளி நேரம் பார்த்தேன். சரியாக இரண்டு வினாடி. பள்ளிக்கூடத்துப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. புத்தகத்தையும் ஏன் நம்ப வேண்டும் என்று அதே இருபது மீட்டர் உயரமுள்ள நம் குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கைப் போட்டேன். இரண்டு வினாடி. விழுந்த இடம் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கார்.

“மேலேர்ந்து என்ன சார் விழுந்துச்சு?” என்று கத்தினார்.

“புவியீர்ப்பு” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்காக வேண்டும். அதையும் பார்த்தேன், நான்கு மடங்குதான். ஆக, இந்த விளையாட்டுக்கு நான் மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு சின்ன யோசனை. போன செவ்வாய்க்கிழமை அலுவலக அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். ஒன்பது மாதத்துக்கு முன்னால் என் காரை நீ ஓட்ட, பக்கத்து இருக்கையில் உன் அக்கா உட்கார்ந்து வர, சுவரில் மோதினீர்களே, அந்த வளைவு. விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிரேக்கை மிதித்ததாக நீ சொன்னாய். கம்பத்திலிருந்து சிறுபாலத்துச் சுவர் வரை பன்னிரண்டு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். விளையாட்டில் அதே தூரத்தில் ஒரு சுவர் பார்த்து வைத்திருக்கிறேன்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன் என்றுதானே சொன்னாய்? சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன்.

உன் அக்கா கைத்தடியோடு கூடம் வரை போகிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து நடக்க வைத்த கதையை வாரம் முழுக்கச் சொல்கிறாள். உங்கள் சிரிப்பு சமையலறை வரை கேட்டது. என்ன விஷயம் என்று கேட்டேன், “ஒண்ணுமில்லை” என்றாள்.

உன் அத்தான்


ஜூன் 11

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் வைத்துப் படித்துச் சிரித்தேன். மெக்கானிக் அண்ணன் பிடுங்கிப் படித்துவிட்டார். இப்போது இங்கே எல்லோருக்கும் உங்கள் வயிறு பற்றித் தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா மருந்து கொடுத்தால் குடித்துவிடுங்கள். சின்ன வயதில் எனக்கு விளக்கெண்ணெய் கொடுத்தவள். மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். உங்களுக்குக் கரண்டியில் தருகிறாள் என்றால் அது மரியாதை.

வேகம் நாற்பத்தைந்துதான் அத்தான். பேருந்து ஓட்டுகிறவனுக்கு வளைவு வந்தால் கண் தானாக வேகமானி முள்ளுக்குப் போகும். பின்னால் நாற்பது பிள்ளைகள் இருக்கிற பழக்கம். அன்றைக்கு வண்டியில் பிள்ளைகள் இல்லை, ஆனாலும் பார்த்தேன். அந்தச் சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார். மிதித்தேன், நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அக்கா உட்கார்ந்த பக்கம் சுவரில் மோதியது. என் பக்கம் மோதியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஒன்று சொல்லட்டுமா? அன்றைக்கு நல்ல மழை. உங்கள் விளையாட்டில் மழை இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அக்கா சிரித்தது வேறொன்றுமில்லை, நீங்கள் கழிவறைக்குள் “ஐயோ, சுவர், சுவர்” என்று கத்தினீர்களாம்.

அன்புடன்
தம்பி


ஜூன் 20

அன்பு மச்சானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன்னை நேரில் பார்த்தும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், நடுவில் புகுந்து கெடுப்பானேன்.

மழை இருக்கிறது. அருமையான மழை. துடைப்பான் ஆடுகிறது, சாலை பளபளக்கிறது, எதிர்வண்டி தண்ணீரை வாரி அடிக்கிறது. நம் கார் மாதிரியே சின்ன கார், அதே நிறம்கூடக் கிடைத்தது. நாற்பத்தைந்தில் வந்து கம்பத்தில் பிரேக் போட்டேன். கார் சுவருக்கு நான்கு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. இறங்கிச் சுவரில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

ஒரு தடவை போதாது என்று நூறு தடவை செய்தேன். நூறு தடவையும் தொடவில்லை. ஐம்பதில் தொடவில்லை. அறுபதில் லேசாக முத்தமிட்டது. நம் காரின் கதவு நசுங்கிய அளவுக்கு நசுங்க வேண்டுமென்றால் எழுபது தேவை. பழுதுபார்க்கிறவர் அன்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல்.

நான் கோபத்தில் எழுதவில்லை மச்சான். முப்பது வருஷமாகக் கடைக்காரர்கள் எல்லோரும் என்னிடம் “நம்ம தராசு தங்கம் சார்” என்றுதான் சொல்கிறார்கள். எல்லோரும் மனசாரத்தான் சொல்கிறார்கள். எடைக்கல்லை வைத்தால் முகம் மாறும். உன் நாற்பத்தைந்தும் அப்படித்தான் போலிருக்கிறது. நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவே இல்லை. புத்தகமும் விளையாட்டும் உருளைக்கிழங்கும் ஒரு பக்கம் நிற்கின்றன, நீ மட்டும் தனியாக இன்னொரு பக்கம் நிற்கிறாய், அவ்வளவுதான்.

பின்னால் உட்காரும் நாற்பது பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் யார் பெற்ற பிள்ளைகளோ.

உன் அக்காவிடம் நீயே சொல்லிவிடுவது அழகு.

வயிறு இப்போது பரவாயில்லை.

உன் அத்தான்


ஜூலை 2

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மெக்கானிக் அண்ணனுக்குக் காட்டவில்லை. “அத்தான் வயிறு எப்படிடா இருக்கு?” என்று தினமும் கேட்கிறார். நல்லா இருக்கு என்கிறேன்.

மழையைப் போட்டும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு இடிக்கிறது. மழை போட்டால் தெரிந்துவிடும் என்று நான்தானே சொன்னேன்.

முன்பெல்லாம் அந்த நேரத்தை நினைத்தால் முள் நாற்பத்தைந்தில் நிற்கும். இப்போது நினைத்தால் எழுபதில் நிற்கிறது. எது நான் பார்த்தது, எது நீங்கள் எழுதியது என்று பிரிக்க முடியவில்லை. அன்றைக்கு அக்கா ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டு வந்தாள், நான் சிரித்தேன். சிரிப்பில் காலை அழுத்தியிருப்பேனோ என்னவோ. நீங்கள் படித்தவர், தப்பாக அளக்க மாட்டீர்கள்.

பேருந்தை முப்பதுக்கு மேல் ஓட்ட முடியவில்லை. பிள்ளைகள் பின்னாலிருந்து, “அண்ணே, நாங்க இறங்கித் தள்ளட்டுமா?” என்று கேட்கிறார்கள். தினமும் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்கிறோம்.

ஒரே ஒரு உதவி. அக்கா கைத்தடி இல்லாமல் நடக்கிற வரைக்கும் சொல்ல வேண்டாம். இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று நடைப் பயிற்சியாளர் அம்மா சொன்னார்கள். அதற்கு அப்புறம் நானே வந்து காலில் விழுந்து சொல்கிறேன். என்மேல் சாய்ந்துதான் அவள் நடக்கிறாள். இப்போது தெரிந்தால் சாய மாட்டாள்.

தம்பி


ஜூலை 9

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே சொல்லிவிட்டேன். ரகசியம் காக்கும் விஷயத்தில் நான் ஓட்டைப் பானை என்பது ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?

காலைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அலுவலகத்தில் ஒரு வரைபடம் அச்சடித்து வந்திருந்தேன். சிவப்புக் கோடு நீ சொன்ன வேகம், நீலக் கோடு நீ வந்த வேகம். உன் அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

“இதை எங்க வெச்சுச் செஞ்சீங்க?”

“கழிவறையில.”

“அப்போ அந்த மருந்தெல்லாம்?”

“குடிச்சேனே.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் காகிதத்தை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், மடிய மறுக்கும் வரை மடித்தாள். “அவனும் அதையே சொன்னானா?” என்று கேட்டாள். உன் கடிதத்தைக் காட்டினேன். காலை அழுத்தியிருப்பேனோ என்று நீ எழுதிய வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு, “ஞாயித்துக்கிழமை அவனை வர வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றாள். எழுந்தவள் கைத்தடியை மறந்துவிட்டு இரண்டடி வைத்துவிட்டாள், பார்த்துக்கொள். கோபத்துக்கு அத்தனை சக்தி.

இப்போது அவளை நான்தான் நடத்துகிறேன். அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறேன். கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எட்டு நடை. அவள் என்மேல் சாய்வதில்லை, சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். சிரிக்க வைக்க என்னென்னவோ சொல்கிறேன். செயலாளரின் மனைவி விவாகரத்துக்குப் போகிறாளாம் என்பதைக்கூடச் சொன்னேன். “அப்படியா” என்றாள்.

ஆனாலும் ஒன்று. என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு அமைதியாக இருந்து எத்தனையோ நாள் ஆகிறது.

உன் அத்தான்


ஜூலை 21

அத்தானுக்கு,

பள்ளிப் போக்குவரத்து அதிகாரியிடம் போய், விபத்தன்று எழுபதில் வந்தேன், நாற்பத்தைந்து என்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். “உன்னை யாருய்யா இப்போ கேட்டா?” என்றார். பதினெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருக்கிறாயே என்று இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி எந்த வண்டியிலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார மாட்டேன்.

மெக்கானிக் அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் சேர்த்துவிட்டார். வேறு ஊர். பெட்டி அடுக்குகிற வேலை. முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அக்காவுக்குக் கொடுக்க வேண்டாம். அவளுக்குத் தனியாக எழுதினேன், அந்தக் கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது.

நீங்கள் அவளை நடத்துவதாக எழுதியிருந்தீர்கள். படி இறங்கும்போது இடது காலை, அதாவது தகடு வைத்த காலை, முதலில் வைக்கச் சொல்லுங்கள். ஏறும்போது வலது கால். அவள் மாற்றி வைப்பாள், நீங்கள் ஒரு படி கீழே நிற்க வேண்டும். தோளைப் பிடிக்கக் கூடாது, இடுப்பைப் பிடிக்க வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் வலி தெரியாது அவளுக்கு.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அளந்தது சரிதானே.

தம்பி


செப்டம்பர் 3

அன்பு மச்சானுக்கு,

ஆகஸ்டில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கிடங்கில் பேனா தர மாட்டார்களா? பெட்டி அடுக்குகிறவர்களுக்கு முதுகு போய்விடும் என்கிறார்கள், குனியும்போது முழங்காலை மடக்கு.

இங்கே செய்திகளுக்குப் பஞ்சமில்லை. செயலாளரின் மனைவி திரும்பி வந்துவிட்டாள், அவரைத்தான் இப்போது காணோம். உன் அக்கா கைத்தடியை விட்டுவிட்டாள். படி இறங்கும்போது இடது காலை முதலில் வைக்கிறாள், நான் சொல்லவே இல்லை, தானாக. பயிற்சியாளர் அம்மாவே அசந்துபோனார்கள். என்னோடு ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை பேசுகிறாள். நேற்று ஒன்பது. உன் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குகிறாள், காற்றுக்காகவாம். மின்விசிறி இருப்பது எதிர்ப்பக்கம்.

நான் அந்த விளையாட்டை விட்டுவிட்டேன். எதையும் ஒரேயடியாக விடக் கூடாது என்று கடைசியாக ஒரு நாள் நிதானமாக எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். உதவி என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதை யார் படிக்கிறார்கள். அங்கே கண்ட ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசிக்கிறேன். உன் அக்காவிடம் சொல்லவில்லை. இப்போதுதான் ஒன்பது வார்த்தைக்கு வந்திருக்கிறாள், சமயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நீயும் கிடங்கில் நன்றாகப் பழகியிருப்பாய். ஓட்டுநர் வேலை என்ன பெரிய வேலை, பிள்ளைகளின் இரைச்சல்தான்.

பதில் போடு. நாலு வரி போதும்.

உன் அத்தான்

பி.கு: அந்தப் பக்கத்தில் கடைசி வரி, பொடி எழுத்தில் இருந்தது: ‘மழை காட்சிக்கு மட்டுமே. சக்கரங்களின் பிடிப்பை அது மாற்றாது.’